மணிமேகலையைச் சுதந்திர நாயகி என்று சொல்லலாமா?

கேள்வி இது: தன் விருப்பப்படி வாழத் துணிந்த ஒரு பெண் காதலையும் சிறையையும் கடந்து விடுதலை அடைவதாக அமைந்த கதை பழந்தமிழில் உண்டா? மணிமேகலையைச் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் அவள் துறவி ஆயிற்றே, துறவிக்குக் காதல் ஏது? தாய் சொன்னாள், தெய்வம் தூக்கிச் சென்றது, அடிகள் உபதேசித்தார் என்று பிறர் கைப்பொருளாகவே நகர்கிறவளைச் சுதந்திரமான நாயகி என்று எப்படிச் சொல்வது?

சொல்லலாம் என்பதே என் பதில். ஆனால் அமுதசுரபியை ஏந்தி ஊருக்குச் சோறிட்டாள் என்று பள்ளிப் பாடத்தில் படித்த காரணத்துக்காக அல்ல. கூலவாணிகன் சாத்தனார் பாடிய இந்தக் காப்பியத்தை, உ.வே.சாமிநாதையர் 1898இல் உரையோடு அச்சில் கொண்டுவந்த நாள்முதல், பௌத்த சமய நூலாகவும் அறநூலாகவுமே பெரும்பாலும் படித்து வருகிறோம். காதைகள் எனப்படும் அதன் முப்பது பகுதிகளையும் ஒரு பெண்ணின் கதையாக மட்டும் தொடர்ச்சியாக ஒருமுறை படித்துப் பாருங்கள். அவள் எத்தனை முறை அடைபடுகிறாள், ஒவ்வொரு முறையும் கதவை யார் திறக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே போனால், சமயக் கருத்துகளின் அடியில் வேறொரு கதை ஓடுவது தெரியும்.

தொடக்கம் ஒரு பூமாலையில் இருக்கிறது. புகார் நகரில் இந்திரவிழா தொடங்குகிறது. மாதவியையும் மணிமேகலையையும் ஆட அழைத்துவருமாறு பாட்டி சித்திராபதி தோழி வசந்தமாலையை அனுப்புகிறாள். கோவலன் கொலையுண்டபின் பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் அடைக்கலம் புகுந்துவிட்ட மாதவி வர மறுப்பதோடு, மகளையும் அனுப்ப மறுக்கிறாள். மறுக்கும்போது அவள் மணிமேகலையைத் தன் மகள் என்று சொல்வதில்லை.

காவலன் பேரூர் கனையெரி ஊட்டிய
மாபெரும் பத்தினி மகள்மணி மேகலை
அருந்தவப் படுத்தல் அல்லது யாவதும்
திருந்தாச் செய்கைத் தீத்தொழில் படாஅள்

என்று கண்ணகியின் மகளாகவே அவளை அறிவித்துவிடுகிறாள். இங்கேயே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சித்திராபதி அவளை ஆடரங்குக்கு அனுப்ப நினைக்கிறாள். மாதவி தவத்துக்கு அனுப்ப நினைக்கிறாள். இருவரில் எவரும் அவளைக் கேட்கவில்லை. ‘படுத்தல்’ என்ற சொல்லே ஆளாக்குதல், உட்படுத்துதல் என்ற பொருளைத் தருவது. மணிமேகலை அங்கே இருக்கிறாள், பூத்தொடுத்துக் கொண்டிருக்கிறாள், பேசவில்லை. தந்தைக்கும் கண்ணகிக்கும் நேர்ந்ததைக் கேட்டு அவள் விட்ட கண்ணீர் மாலையில் விழுந்து பூக்களின் தூய்மை கெட்டுவிடுகிறது. புதுப்பூ பறிக்க வெளியே போக வேண்டியதாகிறது. கதை முழுவதையும் நகர்த்திவிடும் இந்தக் காரணம் எவ்வளவு சிறியது, எவ்வளவு வீட்டு வழக்கம் சார்ந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் சாத்தனாரின் கதைத்திறன் மீது எனக்கு மதிப்பு கூடுகிறது.

உடன் செல்லும் தோழி சுதமதி, பெண் தனியே பூப்பறிக்கப் போவதன் ஆபத்தைத் தன் வாழ்க்கையிலிருந்தே சொல்கிறாள். சண்பை நகரில் தனியாக மலர் கொய்தபோது மாருதவேகன் என்னும் விஞ்சையன் (வானில் திரியும் வித்தியாதரன்) அவளைத் தூக்கிச்சென்று, தன்வயப்படுத்தி, இந்த நகரில் விட்டுவிட்டுப் போனான். ஆகவே பாதுகாப்பான இடம் என்று உவவனம் என்னும் பூஞ்சோலையைத் தேர்கிறாள். அங்கே ஒரு பளிங்கு மண்டபம் இருக்கிறது. அதைப் பற்றி நூல் சொல்லும் தொடரை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்: ‘விளிப்பறை போகாது மெய்புறத்து இடூஉம் பளிக்கறை மண்டபம்’. உள்ளே இருப்பவர் கூப்பிடும் ஒலி வெளியே போகாது. அவர் உடல் மட்டும் வெளியே தெரியும்.

காலவேகம் என்னும் மதயானையை அடக்கிவிட்டுத் தேரில் வரும் இளவரசன் உதயகுமரன், மணிமேகலை உவவனம் சென்றாள் என்று கேள்விப்பட்டுத் துரத்தி வருகிறான். சுதமதி அவளைப் பளிக்கறைக்குள் அனுப்பித் தாழிடச் செய்து, தான் ஐந்து வில் தொலைவில் நின்றுகொள்கிறாள். வந்தவன் பளிங்கின் வழியே தெரியும் உருவத்தை முதலில் ஓவியம் என்றே எண்ணி, இப்படி ஒன்றைக் கற்பனை செய்த ஓவியனின் உள்ளத்தை வியக்கிறான். பிறகுதான் அது அவளே என்று தெளிகிறது. கதவைத் தேடி மண்டபச் சுவரைக் கையால் தடவிக்கொண்டே சுற்றி வருகிறான். கண்ணுக்கு முன்னே முழுதாகத் தெரியும் பெண், நடுவே ஒரு பளிங்குச் சுவர், அதன்மேல் ஊர்ந்துகொண்டிருக்கும் ஓர் ஆணின் கை. இந்தக் காட்சிக்கு விளக்கம் எழுதினால் அதன் வலிமை குறைந்துவிடும். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: அவள் காவியத்தில் முதன்முதலாக அடைபடும் இடம் உடலைக் காட்டிக் குரலை மறைக்கும் அறை. இந்த அறைக்கு நேர் எதிரான ஓரிடத்துக்கு அவள் பின்னால் போய்ச் சேர்வாள்.

இனி, துறவிக்குக் காதல் ஏது என்ற ஐயத்துக்கு வருகிறேன். உதயகுமரன் ‘சித்திராபதியால் அவளை அடைவேன்’ என்று சொல்லிப் போனதும், மணிமேகலை பளிக்கறையைத் திறந்து வெளியே வந்து சுதமதியிடம் பேசுகிறாள். அவளுடைய உள்ளம் முதன்முதலில் வாய்திறக்கும் இடம் இதுதான்.

கற்புத் தானிலள் நற்றவ உணர்விலள்
வருணக் காப்பிலள் பொருள்விலை யாட்டியென்று
இகழ்ந்தன னாகி நயந்தோன் என்னாது
புதுவோன் பின்றைப் போனதென் நெஞ்சம்
இதுவோ அன்னாய் காமத் தியற்கை
இதுவே ஆயின் கெடுகதன் திறம்

கற்பு இல்லாதவள், தவ உணர்வு இல்லாதவள், குலக்காவல் இல்லாதவள், விலைக்குக் கிடைப்பவள் என்று என்னை இகழ்ந்துகொண்டே விரும்புகிறான் அவன். அப்படிப்பட்டவன் என்று பாராமல், முன்பின் அறியாத அந்தப் புதியவன் பின்னால் போய்விட்டது என் நெஞ்சு. காமத்தின் இயல்பு இதுதானா? இதுதான் என்றால் அது கெட்டொழியட்டும்.

ஆறு வரிகளில் ஒரு பெண் தன்னை எவ்வளவு நேர்மையாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று பாருங்கள். அவன் விருப்பத்துக்குள் இருக்கும் இகழ்ச்சியை அவள் கண்டுகொண்டாள். கண்டுகொண்டும் நெஞ்சு போனதை மறைக்கவில்லை. போனதற்காக அழவும் இல்லை. ‘இதுவோ காமத்து இயற்கை’ என்று கேட்கும் குரலில், புதிதாக ஒன்றைக் கண்டறிந்தவளின் வியப்பு இருக்கிறது. அதற்குப்பின்தான் அதை மறுக்கிறாள். ஆசையே அறியாமல் துறந்தவள் இல்லை இவள்.

அவள் நெஞ்சம் போனதற்குக் காவியம் பின்னால் ஒரு காரணம் கற்பிக்கிறது. ஒன்பதாம் காதையில், மணிபல்லவத் தீவிலுள்ள புத்த பீடிகையைக் கண்டு அவள் தன் பழம்பிறப்பை உணர்கிறாள். முற்பிறப்பில் அவள் இலக்குமி. திட்டிவிடம் என்னும் நச்சுப்பாம்பால் இறந்த கணவன் இராகுலன்தான் இப்போது உதயகுமரன். ஆகவே அந்த ஈர்ப்பு பழைய தாம்பத்தியத்தின் தொடர்ச்சி என்று ஆகிறது. பௌத்த வினைக்கொள்கைக்கு இது பொருந்தும், கதைக்கும் தேவைதான். ஆனால் மேலே தந்த ஆறு வரிகள் ஐந்தாம் காதையில் வருகின்றன. அப்போது அவளுக்கு இராகுலனைத் தெரியாது. அவனைப் ‘புதுவோன்’ என்றுதான் சொல்கிறாள். பழம்பிறப்பின் துணையில்லாமல், தன் நெஞ்சைத் தன் நெஞ்சாகவே அவள் எதிர்கொண்டுவிட்டாள் என்பதால், பின்னால் வரும் விளக்கம் அந்த நேர்மையைக் குறைத்துவிடுவதில்லை.

அவள் மணிபல்லவம் போன விதமும் சிக்கலானதே. மணிமேகலா தெய்வம் அவளை உறங்கவைத்து, முப்பது யோசனை தெற்கே வான்வழியாகக் கொண்டுசென்று வைத்துவிடுகிறது. சுதமதியை விஞ்சையன் தூக்கிச்சென்ற செயலுக்கும் இதற்கும் நோக்கத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு என்றாலும், கேட்காமல் தூக்கிச்செல்வது என்ற அளவில் இரண்டும் ஒன்றே. விழித்தெழுந்தவள் ஆளில்லாத கடற்கரையில் அலைந்து, சுதமதியையும் தாயையும் கூப்பிட்டுக் கதறும் எட்டாம் காதை, தெய்வச்செயல் என்று நாம் எளிதில் கடந்துபோகும் ஒன்றைக் கடத்தப்பட்டவளின் பக்கத்திலிருந்து சொல்கிறது. (மணிபல்லவம் யாழ்ப்பாணத்தை ஒட்டிய நயினாதீவுதான் என்ற கருத்து பரவலாக உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. நம் கேள்விக்கு அது இடையூறு இல்லை.)

அந்தத் தீவில் அவளுக்குக் கிடைப்பவை நான்கு. வைகாசி விசாகத்தன்று கோமுகிப் பொய்கையிலிருந்து எழும் அமுதசுரபியை எல்லோரும் அறிவோம். அதற்கு முன்பே தெய்வம் மூன்று மந்திரங்களைத் தந்துவிடுகிறது: வேற்றுருக் கொள்ள, வானில் செல்ல, பசியைப் பொறுக்க. வேற்றுரு எதற்கு என்பதற்குத் தெய்வம் சொல்லும் காரணம் இது:

இளையள் வளையோள் என்றுனக்கு யாவரும்
விளைபொருள் உரையார்

நீ இளையவள், வளையல் அணிந்தவள் என்று கருதி, மெய்ப்பொருளை உனக்கு யாரும் சொல்லமாட்டார்கள். பெண்ணின் உடலே அவளுக்குச் சிறையாவது எப்படி என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன அடியை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவளைச் சூழும் ஆபத்து ஆண்களின் ஆசை மட்டும் அன்று. வளையலைக் கண்டதும் அறிவுலகமும் கதவைச் சாத்திக்கொள்ளும் என்பதைத் தெய்வமே ஒப்புக்கொள்கிறது. அந்த வழக்கத்தை மாற்றத் தெய்வத்தாலும் முடியவில்லை. சுற்றிச்செல்ல ஒரு வழி சொல்லித்தர மட்டுமே முடிகிறது. குறை என்று இதைச் சொல்வோருடன் நான் உடன்படுகிறேன். ஆனாலும் குறையை மூடாமல் உள்ளபடி எழுதியவர் சாத்தனார்.

புகாருக்குத் திரும்பியவள் பிக்குணிக் கோலத்தில் பாத்திரம் ஏந்துகிறாள். கற்பிற் சிறந்த ஆதிரை இடும் முதற்பிச்சையால் அமுதசுரபி நிறைகிறது. யானைத்தீ என்னும் அடங்காப் பசிநோயால் வாடிய காயசண்டிகையின் நோய் அந்தச் சோற்றால் தீர்கிறது. உலகவறவி என்னும் பொதுமன்றத்தில் எளியவர்கள் கூடுகிறார்கள்.

சித்திராபதியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அவளைத் தீயவள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. எனக்கோ அவள் பேச்சில் தொழில் தெரிந்தவளின் கசந்த உண்மை கேட்கிறது. நாங்கள் பத்தினிப் பெண்டிர் அல்லோம், பலர் கையால் உண்பவர்கள். பாணன் இறந்தால் யாழ் உடன் இறப்பதில்லை, வேறொருவன் கைக்குப் போகும், நாங்கள் அந்த யாழ் போன்றவர்கள் என்கிறாள். மணிமேகலையை உதயகுமரனின் தேரில் ஏற்றிக் கொண்டுவராவிட்டால், குற்றப்பட்ட கணிகையரைப் போலச் செங்கல் சுமந்து அரங்கைச் சுற்றி வந்து வடுவோடு வாழ்வேன் என்று சூளுரைக்கிறாள். அந்தச் செங்கல்லை நினைத்துப் பாருங்கள். பேத்திக்கு வலை விரிக்கிறவளும் ஒரு சிறைக்குள்தான் நின்றுகொண்டிருக்கிறாள். தவறினால் என்ன தண்டனை என்பது அவளுக்குத் தெரியும்.

உதயகுமரன் உலகவறவிக்கு வந்து, ஏன் தவம் பூண்டாய் என்று கேட்கிறான். முற்பிறப்பில் கணவன் என்பதால் அவனை வணங்குவது தகும் என்று எண்ணி அவள் வணங்குகிறாள். ‘அறைபோய் நெஞ்சம் அவன்பால் அணுகினும்’ என்கிறது நூல். நெஞ்சு அவளுக்கே இரண்டகம் செய்து இன்னும் அவன் பக்கம்தான் போகிறது. ஆனால் வாயில் வரும் சொல் வேறு. பிறத்தலும் மூத்தலும் பிணிப்படுதலும் இறத்தலும் உடைய துன்பக் கலமே இந்த உடம்பு என்று உணர்ந்து அறத்தை விரும்பினேன் என்று சொல்லிவிட்டு, கூடவே ஒரு குத்தலும் வைக்கிறாள்:

மண்டமர் முருக்கும் களிறனை யார்க்குப்
பெண்டிர் கூறும் பேரறி வுண்டோ

போரைக் கலக்கும் யானை போன்றவர்களுக்குப் பெண்கள் சொல்லித்தரும் பேரறிவும் உண்டோ, கேட்டாயானால் விரும்பியதைச் செய் என்கிறாள். நெஞ்சு நெகிழ்ந்திருக்கும்போதே நாக்கு இவ்வளவு கூர்மையாக இருப்பதுதான் இவளுடைய குணம்.

அடுத்து அவள் காயசண்டிகையின் உருவை எடுக்கிறாள். நோய் தீர்ந்து ஊர் திரும்பப் பறந்துவிட்ட ஒருத்தியின் வடிவம் அது. அந்த உருவோடு சிறைக்கோட்டத்துக்குள் சென்று கைதிகளுக்குச் சோறிடுகிறாள். செய்தி கேட்ட சோழ மன்னன் மாவண்கிள்ளி அவளை அழைத்துப் பெருமைப்படுத்தி, நான் செய்யத்தக்கது என்ன என்று கேட்கிறான். சிறையை அழித்து அறவோர் வாழும் இடமாக்கு என்கிறாள். மன்னன் சிறைப்பட்டோரை விடுவித்து அப்படியே செய்கிறான். ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ என்று புகழ்பெற்ற இந்தப் பகுதியை மேடைகளில் தனியாக எடுத்துப் பேசுவார்கள். அடுத்த மூன்று காதைகளைச் சேர்த்துப் பேசினால்தான் அதன் முழுச்சுவை தெரியும்.

காயசண்டிகையின் உருவில் இருப்பவள் மணிமேகலையே என்று உதயகுமரன் ஐயுற்று வருகிறான். அவள் அங்கே நின்ற நரைத்த மூதாட்டி ஒருத்தியைக் காட்டி, கருமணல் போலிருந்து வெண்மணல் ஆகிவிட்ட கூந்தலைப் பார் என்று தொடங்கி, நெற்றி, புருவம், கண் என்று ஒவ்வோர் உறுப்பாக முதுமை செய்ததை விவரிக்கிறாள். பளிக்கறையில் வாயில்லாத ஓவியமாக அவன் கண்ட பெண், இப்போது பார்க்க வேண்டியது எது என்று அவனுக்கே கற்பிக்கிறாள். ஆனால் மனைவி காயசண்டிகையைத் தேடி வந்த விஞ்சையன் காஞ்சனன், தன் மனைவி அயலான் ஒருவனோடு பேசுவதாக எண்ணிப் பதுங்குகிறான். நள்ளிரவில் உலகவறவிக்குத் தனியே வந்த உதயகுமரனை வாளால் வெட்டி வீழ்த்துகிறான்.

மணிமேகலை வேற்றுருவைக் களைந்துவிட்டு அழுகிறாள். அந்த அழுகை, துறவிக்குக் காதல் ஏது என்று கேட்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய இடம். திட்டிவிடத்தால் நீ இறந்தபோது ஈமத்தீயில் என் உயிரைச் சுட்டேன். உவவனத்தில் உன்னிடம் சென்ற உள்ளத்தை என்னால் தவிர்க்க முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லி அவன் உடலை நெருங்கப் போகிறாள். ‘செல்லல் செல்லல்’ என்று தூணில் உறையும் கந்திற்பாவை தடுக்கிறது. பளிக்கறைக்கு வெளியே சுதமதியிடம் மட்டும் சொன்னதை அவன் உயிரோடு இருந்தவரை அவனிடம் அவள் சொல்லவே இல்லை.

செய்தி அரசனுக்குப் போகிறது. தன் மகன் கொலையுண்டதைக் கேட்டும் அவன் கலங்காமல், நான் செய்திருக்க வேண்டிய தண்டனையைத்தான் விஞ்சையன் முந்திக்கொண்டு செய்தான் என்கிறான். முறைதவறிய மகனைத் தண்டித்த மன்னன் வழிவந்த குலம் அல்லவா! அந்த ஒரே பேச்சில் இரண்டு அடிகள் உள்ளன. முதலில் ‘மாதவர் நோன்பும் மடவார் கற்பும் காவலன் காவல் இன்றெனின் இன்றால்’ என்கிறான். முடிவில் ‘கணிகை மகளையும் காவல்செய் கென்றனன்’. முதல் காவல் பாதுகாப்பு, இரண்டாவது காவல் அடைப்பு. சிறைக்கதவைத் திறக்கச் சொன்னவளை, அவள் சொல்லைக் கேட்டுத் திறந்த அதே மன்னன் அடைத்துவைக்கிறான். விஞ்சையர் மகள் என்று தன்னை அறிவித்துக்கொண்டு நின்றபோது கிடைத்த மரியாதை, கணிகை மகள் என்று தெரிந்ததும் இல்லை. பெண்ணைக் காப்பதாகச் சொல்லும் சொல்லும் அவளை அடைக்கும் சொல்லும் தமிழில் இன்றுவரை ஒன்றாகவே இருப்பதைச் சாத்தனார் தெரிந்துதான் எழுதினாரா என்று அறுதியிட முடியாது. ஆனால் இரண்டும் ஏழு அடி இடைவெளிக்குள் வருகின்றன.

அடுத்து வருவது அரசி. துறவிக்குச் சிறை தகாது என்று கணவனிடம் பரிவாகப் பேசி அவளைத் தன் மாளிகைக்குக் கொண்டுவருகிறாள். உள்ளே இருப்பது மகனை இழந்த தாயின் வஞ்சம். முதலில் அறிவு மயங்கும் மருந்தை ஊட்டுகிறாள், மணிமேகலை மயங்கவில்லை. பிறகு கல்லாத இளைஞன் ஒருவனுக்குப் பொருள் கொடுத்து, அவளைக் கெடுக்கும்படி ஏவுகிறாள். அவள் ஆண் உருவம் கொண்டு நிற்க, அவன் அஞ்சி ஓடிவிடுகிறான். மூன்றாவதாக, நோய்வாய்ப்பட்டாள் என்று பொய் சொல்லிப் புழுக்கறையில் உணவின்றி அடைக்கிறாள். பசி பொறுக்கும் மந்திரத்தால் அவள் வாடாமல் இருக்கிறாள். அரசி நடுங்கிப்போகிறாள். காப்பாற்ற யாரும் வந்து கதவை உடைப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். காதலன் இறந்துவிட்டான், தெய்வம் வரவில்லை, அடிகள் வரவில்லை. தீவில் கற்றவை மட்டும்தான் அவளிடம் இருக்கின்றன.

அரசி மன்னிப்புக் கேட்கும்போது மணிமேகலை அவளைச் சபிக்கவில்லை, கேள்வி கேட்கிறாள்.

உடற்கழு தனையோ உயிர்க்கழு தனையோ
உடற்கழு தனையேல் உன்மகன் தன்னை
எடுத்துப் புறங்காட் டிட்டனர் யாரே

உடலுக்காக அழுகிறாய் என்றால், அந்த உடலைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போனது யார்? உயிருக்காக அழுகிறாய் என்றால், அது எங்கே புகுந்தது என்பது அறிய அரிது. அந்த உயிர்மேல் அன்பு உண்டென்றால் எல்லா உயிர்க்கும் இரங்க வேண்டும். அதே மகனுக்காகத் தானும் அழுதவள், அவன் தாயிடம் இதைச் சொல்கிறாள். கொடுமை செய்தவளும் கொடுமைக்கு ஆளானவளும் ஒரே பிணத்துக்கு அழுதவர்கள் என்பதால்தான் இந்தச் சொற்கள் உபதேசமாக மட்டும் ஒலிக்காமல் உறைக்கின்றன.

இதன்பின் வரும் இருபத்துநான்காம் காதையைப் பலரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். பேத்தியைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போகச் சித்திராபதி அரசியின் காலில் விழுகிறாள். மனம் மாறிய அரசி, கள்ளும் பொய்யும் காமமும் தலைமையாகக் கொண்ட உன் மனைக்கு அவள் வரமாட்டாள், ‘என்னொடு இருக்கும்’ என்கிறாள். அன்பான சொல்தான். ஆனால் நேற்று வஞ்சத்தால் அடைத்தவள் இன்று அன்பால் அடைக்கப் பார்க்கிறாள் என்றே எனக்குப் படுகிறது. மாதவியும் சுதமதியும் அறவண அடிகளும் அங்கே வந்துசேர்கிறார்கள். பாட்டியின் மனை, அரசியின் மாளிகை, தாயின் அணைப்பு என்று எல்லா வீடுகளும் அவளை அழைக்கும் நேரத்தில், அவள் எந்த வீட்டுக்கும் போவதில்லை. அமுதசுரபியைப் பழைய பிறப்பில் ஏந்திய ஆபுத்திரன் புண்ணியராசனாகப் பிறந்து ஆளும் சாவக நாட்டுக்குத் தனியே வான்வழியாகப் புறப்படுகிறாள். அவளைத் தெய்வம் தூக்கிச்சென்றது முதற்பயணம். இது அவளே தேர்ந்துகொண்ட பயணம். அவளை எப்படிச் சுதந்திரமானவள் என்று சொல்வது என்று கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்தப் புறப்பாட்டைத்தான்.

ஒப்புக்காகக் குண்டலகேசியைச் சொல்லலாம். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான அது சில பாடல்களைத் தவிர மறைந்துவிட்டது. கதை மட்டும் தெரியும். வணிகன் மகள் பத்திரை, கொலைக்களத்துக்கு இழுத்துச்செல்லப்படும் காளன் என்னும் கள்வனை மாடத்திலிருந்து கண்டு காதலித்து, மீட்டு, மணக்கிறாள். ஊடலில் ‘நீ கள்வன் அன்றோ’ என்று அவள் சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு, அவன் அவளை மலையுச்சிக்குக் கூட்டிச்சென்று கொல்லப் பார்க்கிறான். இறக்குமுன் மும்முறை வலம்வந்து வணங்குகிறேன் என்று சொல்லி, பின்னாலிருந்து அவனைத் தள்ளிவிடுகிறாள். பிறகு துறவு பூண்டு, நாவற்கிளையை நட்டு வாதுக்கு அழைக்கிறாள். விறுவிறுப்பில் மணிமேகலை அதற்கு ஈடாகாது. ஆனால் பத்திரை அவனைத் தள்ளித்தான் தப்பிக்க முடிந்தது. மணிமேகலை யாரையும் தள்ளவில்லை, அதனால் அவள் பாதை நீளமானது.

அந்தப் பாதை வஞ்சிக்கு வருகிறது. புகாரைக் கடல்கொண்ட செய்தியை அறிந்தபின் அவள் வஞ்சி சென்று கண்ணகி படிமத்தை வணங்குகிறாள். பின் மாதவன் வடிவில், அதாவது ஆண் துறவியின் உருவில், சமயவாதிகள் கூடும் இடத்துக்குப் போகிறாள். அளவைவாதி முதல் பூதவாதி வரை பத்துப் பேர் தத்தம் கொள்கையைச் சொல்கிறார்கள். கண்ணால் கண்டதே மெய், கருதல் அளவை (அனுமானம்) பொய் என்று பூதவாதி சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வருகிறது. உன் தாய்தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எப்படி அறிவாய் என்று கேட்கிறாள். பளிக்கறைக்கு நேர் எதிரான இடம் என்று நான் முன்பு குறித்தது இதைத்தான். அங்கே உடல் தெரிந்தது, குரல் கேட்கவில்லை; இங்கே உடல் மறைந்திருக்கிறது, குரலுக்குப் பதில் சொல்ல முடியாமல் அறிஞர்கள் திணறுகிறார்கள்.

கதை வஞ்சியோடு முடிந்திருந்தால், பெண் ஆணாக மாறினால்தான் மதிப்பு என்ற குறையோடு முடிந்திருக்கும். வற்கடத்தில் (பஞ்சத்தில்) வாடிய காஞ்சி நகருக்கு வந்து பசி தீர்த்தபின், அறவண அடிகளிடம் அவள் சொல்வது இது:

அவ்வுரு வென்ன ஐவகைச் சமயமும்
செவ்விதன் மையின் சிந்தைவைத் திலேன்

நான் பூண்ட அந்த உருவத்தைப் போலவே அவர்கள் சொன்ன சமயங்களும் செவ்வையாக இல்லை, அதனால் மனம் வைக்கவில்லை. மெய்ப்பொருளை அருளுங்கள் என்கிறாள். வேற்றுருவை அவள் வெற்றியாகக் கருதவில்லை. பொய்யான ஒன்றுக்கு உவமையாக்கிவிட்டாள். அளவை நூலின் நுணுக்கங்கள் நிறைந்த இருபத்தொன்பதாம் காதையும், ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் என்ற பௌத்தக் கொள்கையான சார்பிற் தோற்றத்தை விரிக்கும் முப்பதாம் காதையும் வளையல் அணிந்த அந்த இளையவளுக்கே சொல்லப்படுகின்றன. கதைக்காக மட்டும் படிப்பவர்களுக்கு இந்த இரண்டு காதைகளும் கடினமாக இருக்கும், நானும் முதல்முறை தாண்டிவிட்டேன். ஆனால் ‘உனக்கு யாவரும் விளைபொருள் உரையார்’ என்ற பத்தாம் காதையின் அடிக்குப் பதில் இங்கேதான் வருகிறது என்பது பிடிபட்டபின், அந்த நீண்ட தருக்க விளக்கங்களையும் கதையின் பகுதியாகவே படிக்க முடிந்தது.

நூலின் கடைசி அடிகள் ‘தவத்திறம் பூண்டு தருமங் கேட்டுப் பவத்திறம் அறுகெனப் பாவை நோற்றனள்’ என்று முடிகின்றன. உவவனத்தில் உதயகுமரன் பளிங்கின் வழியே கண்டு, ஓவியன் தீட்டியதென்று மயங்கிய இடத்திலும் பாவை என்ற சொல்லே வருகிறது. ஐந்தாம் காதையையும் இந்த முடிவையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள்.